இலைக்குள்ளே குடியிருப்போர்

செடிக்குள்ளே கிருமி இருக்கிறது என்று சொன்னால், எங்கள் வீட்டுப் பெண்கள் முதலில் செய்வது கீரைக் கட்டை இன்னொரு முறை கழுவுவதுதான். கழுவுவது நல்ல பழக்கம். ஆனால் நான் சொல்ல வந்த கிருமி கழுவினால் போகாது. அது இலையின் மேல் ஒட்டிக் கொண்டிருப்பதல்ல. இலையின் உள்ளே, தண்டின் உள்ளே, வேரின் உள்ளே, சில புற்களில் விதையின் உள்ளேயும் குடியிருப்பது. செடிக்கு நோய் கொடுக்காமல், வெளியே எந்த அடையாளமும் காட்டாமல் வாழும் இந்தப் பங்கசுகளையும் பற்றீரியாக்களையும் விஞ்ஞானிகள் 'என்டோபைட்டு' என்கிறார்கள். செடிக்குள் வாழ்வது என்பது அதன் பொருள். ஜெர்மன் தாவரவியலாளர் அன்ரன் டி பாரி 1866ஆம் ஆண்டிலேயே இவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று ஆராய்ச்சியாளர்கள் எந்தச் செடியை எடுத்துப் பார்த்தாலும், உள்ளே யாராவது குடியிருக்கவே செய்கிறார்கள்.

நான் இருபத்தேழு வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள். பாடப் புத்தகத்தில் அவரை வேரின் படம் ஒன்று இருக்கும். அதில் சிறுகணுக்களுக்குக் கோடு இழுத்துப் பெயர் எழுதினால் இரண்டு புள்ளி கிடைக்கும். அதோடு பாடம் முடிந்துவிடும். அந்தச் சிறுகணுவை வெட்டி உள்ளே பார்க்கிற நேரம் பள்ளிக்கூட மணி எங்களுக்குத் தந்ததில்லை. அந்த நேரம் கிடைத்தது 2021ஆம் ஆண்டில்தான்.

கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மாதக் கணக்கில் மூடிக் கிடந்த காலம் அது. கிருமி என்ற சொல்லைக் கேட்டாலே பிள்ளைகள் கையைச் சட்டையில் துடைத்துக் கொண்டார்கள். எங்கள் ஊர் அம்பாறை மாவட்டத்தின் கரையோரத்தில் இருக்கிறது. எனது வளவும் தம்பியின் வளவும் ஒரே வேலிக்குள். தம்பியின் பிள்ளைகள் மூவரும், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரும் நாள் முழுக்கப் போனுடன் கிடந்தார்கள். "வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் அஸருக்குப் பிறகு விறாந்தைக்கு வாங்க, ஒரு வேலை இருக்கு" என்றேன். அப்படித்தான் எங்கள் செயல்முறை வகுப்புத் தொடங்கியது.

இப்படி வீட்டுச் சாமான்களை வைத்துக் கொண்டு உயிரியல் செய்வது எனது கண்டுபிடிப்பல்ல. உலகில் பல இடங்களில் இது ஓர் இயக்கமாகவே நடக்கிறது. 2009இல் தொடங்கிய 'ஹக்டீரியா' என்ற குழுவினர் கணினிக் கமராவின் வில்லையைக் கழற்றித் திருப்பிப் பூட்டி நுணுக்குக்காட்டி செய்யக் கற்றுக் கொடுத்தார்கள். அதைத் தொடங்கியவர்களில் ஒருவர் பெங்களூரைச் சேர்ந்தவர். இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவிலும் அவர்களது பட்டறைகள் நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மனு பிரகாஷ் என்ற இந்தியப் பேராசிரியரின் குழு, கடதாசியை மடித்துச் செய்யும் 'ஃபோல்ட்ஸ்கோப்' என்ற நுணுக்குக்காட்டியை 2014இல் உலகுக்கு அறிவித்தது. விலை உயர்ந்த ஆய்வுகூடம் இல்லாதவனும் ஆராயலாம் என்பதே இவர்கள் எல்லோரதும் கொள்கை.

எங்களிடம் கடதாசி நுணுக்குக்காட்டி இருக்கவில்லை. தம்பியின் மூத்த மகன் பழுதாகிப் போன டீவீடீ பிளேயரைக் கழற்றி, அதற்குள் இருந்த பயற்றம் பருப்பளவு வில்லையை எடுத்து, போன் கமராவின் மேல் ஒட்டினான். வெங்காயத் தோலின் கலங்கள் திரையில் தெளிவாகத் தெரிந்தன. பற்றீரியாக்களைத் தனித்தனியாகக் காண இது போதாது. அவற்றைக் காண வேறு வழி உண்டு. ஒன்றாக இருக்கும்போது தெரியாததை ஆயிரம் கோடியாகப் பெருக விட்டால், கூட்டமாக வெறுங் கண்ணுக்கே தெரியும். பெருகுவதற்கு உணவும் இடமும் கொடுத்தால் சரி.

அந்த இடம் எங்கள் குசினி அலுமாரியிலேயே இருந்தது. நோன்பு காலத்தில் வாங்கி மிஞ்சிய கடற்பாசிப் பைக்கற்று! நோன்பு திறக்கப் பாலும் சீனியும் சேர்த்துக் காய்ச்சி, ஆறவைத்து வெட்டுகிறோமே, அதே கடற்பாசிதான் உலகத்து ஆய்வுகூடங்களில் எல்லாம் பற்றீரியா வளர்க்கும் தளம். அங்கே அதன் பெயர் ஏகார். அது ஆய்வுகூடத்துக்குப் போன கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். ஜெர்மனியில் ரொபர்ட் கோச்சின் ஆய்வுகூடத்தில் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர், ஜெலற்றினில் கிருமி வளர்க்கப் பாடுபட்டார். கோடையில் ஜெலற்றின் உருகிவிடும். சில கிருமிகள் அதையே தின்று தண்ணீராக்கிவிடும். "உன்னுடைய ஜெலி மட்டும் இந்த வெயிலிலும் எப்படி உருகாமல் நிற்கிறது?" என்று மனைவி ஃபனியிடம் கேட்டார். ஜாவாத் தீவில் வாழ்ந்து வந்தவர்களிடமிருந்து தான் கற்ற கடற்பாசியின் இரகசியத்தை அந்தப் பெண் 1881இல் கணவருக்குச் சொன்னார். மறு ஆண்டு காசநோய்க் கிருமி பற்றிக் கோச் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஏகார் வந்தது. ஃபனியின் பெயர் வரவில்லை. இதைக் கேட்டதும் தம்பியின் மகள், "அப்போ குசினியிலிருந்துதானே மாமி ஆய்வுகூடம் போயிருக்கு?" என்றாள். அவள் அப்போது ஆண்டு பத்து.

உருளைக்கிழங்கு 200 கிராமை வெட்டி அவித்து, அந்தத் தண்ணீரை வடித்தெடுத்து, 20 கிராம் குளுக்கோஸும் 15 கிராம் கடற்பாசியும் சேர்த்து ஒரு லீற்றராக்கினோம். சிறிய ஜாம் போத்தல்களில் விரற்கடை உயரத்துக்கு ஊற்றி, மூடியை இறுக்காமல், பிரஷர் குக்கரில் இருபது நிமிடம் வைத்தோம். இது சமையலிலிருந்து ஓய்வு கொடுத்த பழைய குக்கர். சாதாரணமாகக் கொதிக்கும் தண்ணீர் 100 பாகையில் நிற்கும். குக்கருக்குள் அமுக்கம் கூடுவதால் வெப்பம் 120 பாகையை நெருங்கும். கொதிநீருக்குச் சாகாத கிருமி வித்துக்களும் அதில் சாகும்.

அடுத்தது இலை. மாமரத்தில் இருந்து ஒரு கொழுந்தும் ஒரு முற்றிய இலையும் பறித்தோம். இலையின் மேற்பரப்பில் உள்ள கிருமி எல்லாம் சாக வேண்டும், உள்ளே இருப்பவை சாகக் கூடாது. இதுதான் இந்த வேலையின் சூட்சுமம். முதலில் ஓடும் தண்ணீரில் கழுவினோம். பிறகு ஸ்பிரிட்டில் ஒரு நிமிடம். பிறகு கொதித்தாறிய தண்ணீரில் அலசி, நீர்த்த புளீச்சில் மூன்று நிமிடம். இறுதியில் குக்கரில் வைத்தெடுத்த தண்ணீரில் மூன்று முறை அலசல். புளீச்சும் ஸ்பிரிட்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, நச்சுப் பொருட்கள் உண்டாகும். அதனால்தான் இடையிலே அலசல். இந்தப் பாத்திரங்களை நான் மட்டுமே தொட்டேன். ஸ்பிரிட் போத்தலை மூடி வீட்டுக்குள் வைத்த பிறகுதான் கத்தரிக்கோலைச் சுட விளக்கு ஏற்றினோம்.

"மேலே இருந்த கிருமி செத்துப் போனது எப்படித் தெரியும்?" என்று அடுத்த வீட்டுச் சின்னவன் கேட்டான். எட்டு வயது. நல்ல கேள்வி. அதற்கும் வழி உண்டு. கழுவிய இலையை ஒரு போத்தலின் கடற்பாசி மேல் மெல்ல அழுத்தி எடுத்துவிட வேண்டும். மேற்பரப்பில் உயிர் மிஞ்சியிருந்தால் அந்தப் போத்தலில் முளைக்கும். அது வெறுமையாக இருந்தால், மற்றப் போத்தல்களில் முளைப்பது இலைக்குள் இருந்து வந்ததே. இதன் பின் இலையை விரல் நகமளவு துண்டுகளாக வெட்டி, போத்தலுக்கு இரண்டு வீதம் வைத்து மூடி, நாடா ஒட்டினோம்.

மூன்றாம் நாள் காலை சுபஹோடு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். முற்றிய இலைத் துண்டின் வெட்டிய ஓரத்திலிருந்து பஞ்சு போல வெள்ளை இழைகள் நீண்டிருந்தன. ஏழாம் நாள் ஒன்று சாம்பலாகவும் ஒன்று கறுப்பாகவும் மாறின. கொழுந்துத் துண்டுகளில் ஒன்றைத் தவிர வேறெதிலும் எதுவும் இல்லை. அழுத்திப் பார்த்த போத்தல் வெறுமையாகவே இருந்தது. வெப்ப வலய மரங்களில் இதுதான் வழமை. பிறக்கும் கொழுந்து ஏறக்குறைய வெறும் வீடு. காற்றிலும் மழையிலும் வரும் வித்துக்கள் நாளடைவில் உள்ளே நுழைந்து குடியேறுகின்றன. முற்றிய இலை ஆள் நிறைந்த வீடு.

"அவங்க வாடகை கொடுக்கிறாங்களா?" என்று தம்பியின் இளைய மகன் கேட்டான். சிலர் கொடுக்கிறார்கள். பனாமா நாட்டில் கொக்கோ இலைகளுக்குள் இந்தப் பங்கசுகளைக் குடியேற்றிப் பார்த்த ஆராய்ச்சியாளர்கள், அந்த இலைகளில் அழுகல் நோயின் சேதம் குறைவாக இருந்ததை 2003இல் எழுதினார்கள். அமெரிக்காவின் யெலோஸ்டோன் பகுதியில், வெந்நீர் ஊற்றுகளின் ஓரச் சுடுமண்ணில் ஒரு புல் வளர்கிறது. அதற்குள் வாழும் பங்கசை நீக்கிவிட்டால் புல் அந்தச் சூட்டைத் தாங்காது. பங்கசு மட்டும் இருந்தாலும் போதாது, அந்தப் பங்கசுக்குள்ளே ஒரு வைரசும் இருக்க வேண்டும் என்று 2007இல் கண்டார்கள். எல்லாக் குடியிருப்போரும் எல்லோருக்கும் நல்லவர்கள் என்றும் சொல்வதற்கில்லை. மேய்ச்சல் புற்கள் சிலவற்றில் வாழும் பங்கசு, பூச்சிகளிடமிருந்து புல்லைக் காக்கிறது. ஆனால் அந்தப் பங்கசு உண்டாக்கும் நஞ்சினால் அமெரிக்காவிலும் நியூசிலாந்திலும் மாடுகளும் ஆடுகளும் நோயுற்றன.

பத்தாம் நாள் எல்லாப் போத்தலையும் திறக்காமலே குக்கரில் போட்டு அவித்துக் கொட்டினோம். வளர்ந்தது என்ன பங்கசு என்று வெறுங் கண்ணால் சொல்ல முடியாது. தெரியாததை முகர்ந்து பார்க்கக் கூடாது. இது எங்கள் விறாந்தையின் முதற் சட்டம்.

இரண்டாவது வாரம் வேருக்கு வந்தோம். தம்பியின் மேட்டு நிலத்தில் இருந்து கச்சான் செடி ஒன்றை மண்ணோடு தோண்டி, வாளித் தண்ணீரில் அலசினோம். வேரெல்லாம் கடுகு மணி போலச் சிறுகணுக்கள். ஒன்றைப் பிளேட்டால் வெட்டியதும் உள்ளே இளஞ்சிவப்பு. "இரத்தமா மாமி?" என்று பிள்ளைகள் பின்வாங்கினார்கள். ஏறக்குறைய அப்படித்தான். எங்கள் இரத்தத்துக்கு நிறம் கொடுக்கும் ஈமோகுளோபினின் உறவுக்காரப் பொருள் ஒன்று அங்கே இருக்கிறது. நைதரசனைப் பிடிக்கும் நொதியத்துக்கு ஒட்சிசன் ஆகாது. அந்தச் சிவப்புப் பொருள்தான் ஒட்சிசனைக் கட்டுப்படுத்தி வைக்கிறது. சிவப்பாக இருந்தால் சிறுகணு வேலை செய்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை ஓய்ந்துவிட்டது.

வளியில் நூற்றுக்கு 78 பங்கு நைதரசன். ஆனால் செடியால் அதை அப்படியே எடுக்க முடியாது. அவரைக் குடும்பத்துச் செடிகள் சிறுகணுவின் மூலம் வளி நைதரசனைப் பெறுகின்றன என்பதை ஜெர்மனியின் ஹெல்ரீகல் 1886இல் அறிவித்தார். 1888இல் ஒல்லாந்தரான பெய்ஜரிங்க் அந்தப் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். இதே வேலையைத் தொழிற்சாலையில் செய்ய 400 பாகைக்கு மேல் வெப்பமும், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கு மேற்பட்ட அமுக்கமும் வேண்டும். யூரியா அப்படித்தான் பிறக்கிறது. கச்சான் வேர் அதைச் சத்தமில்லாமல் மண்ணுக்குள் செய்கிறது.

வாய்க்காலில் மிதக்கும் அசோலாவையும் எடுத்து வந்தோம். சின்னஞ் சிறிய அந்தப் பன்னத்தின் இலையைக் கண்ணாடித் துண்டுகளுக்கிடையில் நசுக்கி டீவீடீ வில்லையின் கீழ் வைத்தால், பச்சை மணி கோத்த மாலைகள் திரையில் வருகின்றன. அவை இலைப் பொந்துக்குள் வாழும் நீலப்பச்சைப் பற்றீரியாக்கள். அவையும் நைதரசன் பிடிப்பவையே. மாலையில் இடையிடையே சற்றுப் பெரிய மணி இருக்கும். நைதரசன் பிடிக்கும் வேலை அந்த மணிக்குள்தான் நடக்கிறது.

இதையெல்லாம் வேலியோரம் நின்று பார்த்துக் கொண்டிருந்தான் தம்பி. அவனுக்கு நாலு ஏக்கர் வயல். அந்த ஆண்டு மே மாதம் இரசாயன உர இறக்குமதிக்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. பெரும்போகம் வந்து கொண்டிருந்தது. யூரியா இல்லை. செப்டெம்பரில் ஒருவர் ஊருக்கு வந்து, போத்தலில் அடைத்த பழுப்பு நிறத் திரவமொன்றைக் காட்டி, "இதில் உயிர் இருக்கு. நெல்லுக்குள்ளே போய் இருந்துகொண்டு நைதரசன் தரும். யூரியாவே வேண்டாம்" என்று சொல்லிப் போயிருந்தார். நாலு ஏக்கருக்கும் வாங்குவதென்றால் மச்சியின் இரண்டு காப்பையும் அடகு வைக்க வேண்டும். மச்சி ஒன்றும் பேசவில்லை. காப்பைக் கழற்றி மேசையில் வைத்திருந்தாள்.

"ராத்தா, நீங்க சொல்ற கிருமியும் அவர் சொல்ற கிருமியும் ஒண்டுதானே?" என்று தம்பி கேட்டான்.

அவர் சொன்னதில் உண்மையின் வாடை இருந்தது. அதுதான் ஆபத்து. பிரேசில் நாட்டில் ஜொஹானா டொபரைனர் என்ற பெண் விஞ்ஞானி, கரும்புக்குள் வாழ்ந்து நைதரசன் பிடிக்கும் பற்றீரியாவை 1988இல் தனது சகாவுடன் சேர்ந்து அறிவித்தார். அந்த நாட்டின் சோயா அவரை, நைதரசன் உரத்துக்குப் பதிலாகப் பற்றீரியா பூசிய விதையில் விளைவதற்கு உழைத்தவர்களில் அவரும் ஒருவர். கண்டியிலுள்ள அடிப்படைக் கற்கைகள் தேசிய நிறுவகத்திலும் நெல்லுக்கான நுண்ணுயிர் உரத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். இரசாயன உரத்தின் அளவைக் குறைப்பதே அதன் நோக்கம். ஆனால் நெல் வேரில் சிறுகணு உண்டாவதில்லை. யூரியாவை முற்றாக விட்டுவிடலாம் என்று நெல்லைப் பற்றி எந்த விஞ்ஞானியும் உறுதி கொடுக்கவில்லை. இதைத் தம்பியிடம் சொன்னேன். அவன் முகம் மாறவில்லை. கையில் ஒன்றுமில்லாத மனிதனுக்கு 'உறுதியில்லை' என்ற சொல்லால் என்ன பயன்?

அப்போது மகள்தான் சொன்னாள்: "வாப்பா, ஒரு போத்தல் மட்டும் வாங்குங்க. பாதியக் கொதிக்க வெச்சி ஆற விடுவோம். உயிர்தான் வேலை செய்யுது எண்டா, கொதிச்சது வேலை செய்யாதே?"

நான் அவளைத் திரும்பிப் பார்த்தேன். இருபத்தேழு வருடம் நான் கரும்பலகையில் எழுதிய 'கட்டுப்பாட்டுப் பரிசோதனை' அந்த ஒரு வசனத்தில் இருந்தது.

பன்னிரண்டு தயிர்ச் சட்டிகளை எடுத்தோம். தம்பியின் வயல் மண்ணை ஒன்றாகக் கலந்து சம அளவில் போட்டோம். முளைகட்டிய நெல்லில் ஒரே அளவானவற்றைப் பொறுக்கி, சட்டிக்கு மூன்று வீதம் நட்டோம். நாலு சட்டிக்கு வெறும் தண்ணீர், நாலுக்குப் போத்தல் திரவம், நாலுக்குக் கொதித்து ஆறிய திரவம். எந்தச் சட்டிக்கு எது என்பது மகளின் கொப்பியில் மட்டும் இருந்தது. சட்டியில் இலக்கம் தவிர வேறொன்றும் இல்லை. வெயில் ஒரு பக்கம் கூடுதலாகப் படுமென்று தினமும் இடம் மாற்றி வைத்தார்கள். இரண்டு திரவத்திலும் ஒவ்வொரு துளியை ஜாம் போத்தல்களில் விட்டும் பார்த்தோம். கொதிக்காததில் மூன்றே நாளில் பற்றீரியாக் கூட்டங்கள் நிறைந்துவிட்டன. கொதித்ததில் ஒன்றுமில்லை. அவர் சொன்னபடி அதில் உயிர் இருந்தது உண்மைதான்.

இருபத்தெட்டாம் நாள் தம்பியைக் கூப்பிட்டோம். முப்பது வருடமாக நெல்லைப் பார்த்த கண் அது. "பச்சை கூடினதை ஒரு பக்கம், குறைஞ்சதை ஒரு பக்கம் வைங்க வாப்பா" என்றாள் மகள். அவன் குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்து, நாலு சட்டியை ஒதுக்கினான். நாலும் வெறும் தண்ணீர்ச் சட்டிகள். மற்ற எட்டும் சற்றே பச்சை. "இந்த எட்டிலே கொதிக்காதது எது?" என்று கேட்டதும் அவன் நெடுநேரம் பார்த்தான். பிறகு தலையை ஆட்டினான். உயரத்தை அளந்து பார்த்தோம், மட்டங்களை எண்ணிப் பார்த்தோம். இரண்டிலும் ஒரே அளவுதான்.

போத்தலில் ஏதோ சத்து கொஞ்சம் கரைந்திருக்கிறது. அது கொதித்தாலும் இருக்கும். உயிர் இருந்தது, ஆனால் எங்கள் சட்டிகளில் அந்த உயிர் நெல்லுக்கு எதுவும் செய்ததாகத் தெரியவில்லை. பன்னிரண்டு சட்டி பெரிய ஆராய்ச்சியல்ல. வேறு மண்ணில் வேறு விதமாக இருக்கலாம். ஆனால் மனைவியின் காப்பை அடகு வைப்பதா இல்லையா என்று தீர்மானிக்கத் தம்பிக்கு அது போதுமாக இருந்தது.

அந்தப் போகத்தில் தம்பி கோழி எருவும், வளவில் சேர்த்த கூட்டெருவும் போட்டான். விளைச்சல் எல்லோருக்கும் போல அவனுக்கும் குறைந்தது. உரத் தடையை நவம்பரில் தளர்த்தினார்கள். அதற்குள் விதைப்பு முடிந்துவிட்டது. ஆயினும் கடனில்லாமல் அடுத்த போகத்துக்குப் போனான். மச்சியின் காப்பு கையிலேயே இருந்தது. மேட்டு நிலத்தில் இப்போது கச்சானோடு கௌபியையும் மாற்றி மாற்றிப் போடுகிறான். பறித்த பிறகு செடியை எரிக்காமல் மண்ணோடு புரட்டிவிடுகிறான். சிறுகணுவை நகத்தால் கீறி நிறம் பார்க்கவும் பழகிவிட்டான்.

மகளைச் சாதாரண தரத்தோடு நிறுத்திவிட வேண்டுமென்று வீட்டில் ஒரு பேச்சு இருந்தது. சட்டிகளை எண்ணி முடித்த அன்று இரவு தம்பி என்னிடம் வந்து, உயர்தரத்தில் உயிரியல் படிக்க எவ்வளவு செலவாகும் என்று மட்டும் கேட்டான். அவள் அதைத்தான் படித்தாள்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட நீங்கள் விஞ்ஞான ஆசிரியையாக இருக்க வேண்டியதில்லை. கிருமி வளர்க்கும் வேலையைத் தெரிந்த ஒருவரோடு சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளை பக்கத்தில் இருக்கக் கூடாது. மூடிய போத்தலைத் திறக்கக் கூடாது. ஆனால் கச்சான் வேரைக் கழுவி வெட்டிப் பார்ப்பதற்கு ஒரு பிளேட்டும் பெரியவர் ஒருவரின் கையும் போதும். கௌபியோ பயற்றங்கொடியோ இருந்தால் அதுவும் சரி. பூக்கும் பருவத்தில் தோண்டுங்கள், சிவப்பு நன்றாகத் தெரியும். பிள்ளை "இது என்ன?" என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்லுங்கள். "இது எப்படித் தெரியும்?" என்று கேட்டால் இன்னும் சந்தோஷப்படுங்கள். எதையாவது விற்க வருகிறவரிடம் நாளைக்கு அதே கேள்வியைக் கேட்கப் போவது அந்தப் பிள்ளைதான்.